தப்பான துறையில் இறங்கிய நாள்

ஜப்பான்காரன் வருவதற்கு ஏழெட்டு வருஷம் முன்னால் நடந்தது இது. ரப்பர் விலை விழுந்து, தோட்டங்களிலிருந்து ஆட்களைக் கூட்டம் கூட்டமாக ஊருக்குக் கப்பல் ஏற்றி அனுப்பிய காலம் அப்போதுதான் கொஞ்சம் ஓய்ந்திருந்தது. எனக்கு இருபத்து மூன்று வயசு. பினாங்கில் கடற்கரைத் தெருவில் ஒரு கப்பல் ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தமிழ்ச் சபையில் பாட்டுப் பாடுவேன். அவ்வளவுதான் எனக்கும் ஊழியத்துக்கும் இருந்த சம்பந்தம்.

அந்த வருஷம் வெளிநாட்டிலிருந்து ஒரு மிஷனரி வந்திருந்தார். ஆறடிக்கு மேல் உயரம், நரைத்த தாடி. கிழக்கு நாடுகளில் உள்ள சின்னச் சின்னக் கிராமச் சபைகளை நேரில் பார்த்துவிட்டு, தன் நாட்டுக்குத் திரும்பி அங்குள்ளவர்களிடம் சொல்லவேண்டும் என்பது அவர் திட்டம். அக்கரையில் நிபோங் திபால் பக்கம் தோட்டங்களுக்குள் எங்கள் சபையைச் சேர்ந்தவர்கள் அங்கே ஐந்து குடும்பம், இங்கே பத்துக் குடும்பம் என்று சிதறிக் கிடந்தார்கள். அவர்களைப் பார்க்கப் போக அவருக்கு ஒரு மொழிபெயர்ப்பாளன் வேண்டும். அவருக்குத் தெரிந்த தமிழ் ‘நன்றி’ ஒன்றுதான், அதையும் ‘நண்டி’ என்பார். போக இருந்தவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டதால் எங்கள் போதகர் என்னைக் கூப்பிட்டு, “உனக்குத்தான் இங்கிலீஷ் நல்லா வருதே, நாலு நாள் லீவு போட்டுட்டுப் போயிட்டு வா” என்றார். எனக்கும் சந்தோஷம்தான். ஆபீஸ் நாற்காலியிலிருந்து நாலு நாள் விடுதலை.

விடியற்காலை பெர்ரியில் பிறைக்குப் போய், அங்கிருந்து ரயில் பிடித்தோம். முதல் இரண்டு நாளும் நன்றாகத்தான் போயின. ஒரு தோட்டத்தில் ரப்பர் தகடுகளுக்குப் புகை போடும் கொட்டகையில்தான் ஆராதனை. புகை வாசத்தில் எல்லாருக்கும் கண் எரிந்தது. அவர்கள் பாடிய ஒரு ஞானப்பாட்டின் ராகம் இவர் சின்ன வயதில் கேட்ட ராகமாம். தமிழ் வார்த்தை ஒன்றும் புரியாமல் கூடவே பாடிக்கொண்டு அழுதார். அதைப் பார்த்து அவர்களும் அழுதார்கள். எனக்கு மொழிபெயர்க்க எதுவுமே இல்லாமல் போனது.

மூன்றாம் நாள் போகவேண்டிய இடத்துக்கு ரோடு கிடையாது. ஆற்றில் சம்பான் என்கிற சின்னப் படகில்தான் போகவேண்டும். காலை ஒன்பது மணி இருக்கும். மலாய்க்காரர் ஒருவரின் சம்பான் கிடைத்தது. எனக்கு அந்தத் தோட்டத்தின் பெயர் சரியாக நினைவில்லை, மலாயும் அரைகுறை. “கெரெஜா, கெரெஜா” என்றேன், மாதாகோயில் என்ற அர்த்தத்தில். அவர் தலையை ஆட்டி ஏற்றிக்கொண்டார்.

ஏறும்போதே ஒரு கூத்து நடந்தது. பலகையில் கால் வைத்த மிஷனரிப் பாதிரியார் வழுக்கி இடுப்பு வரை சேற்றில் இறங்கிவிட்டார். கோட்டு, கால்சட்டை எல்லாம் கறுப்பு. மாற்றுத் துணி நாங்கள் தங்கியிருந்த ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டில் காய்ந்துகொண்டிருந்தது. பையில் இருந்தது திருவிருந்து ஆராதனைக்குப் போடும் நீண்ட வெள்ளை அங்கி மட்டும்தான். வேறு வழியில்லாமல் அதையே போட்டுக்கொண்டு சம்பானில் உட்கார்ந்தார். தாடியும் வெள்ளை அங்கியுமாக அவரைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்தது. பின்னால் என்ன ஆகப்போகிறது என்று அப்போது தோன்றவில்லை.

ஒரு மணி நேரம் போனபிறகு சம்பான்காரர் கரையைக் காட்டி, “சூடா சம்பாய், துவான்” என்றார். வந்துவிட்டதாம். பார்த்தால் தென்னந்தோட்டம், பலகைத் துறை, அதற்குப் பின்னால் அத்தாப்பு ஓலைக் கூரையின் மேல் ஒரு மரச் சிலுவை. சரிதான் என்று இறங்கினோம்.

இறங்கி நிமிர்வதற்குள் ஜனங்கள் ஓடி வந்தார்கள். பெண்கள் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு சேற்றிலேயே முழங்காலில் நின்றுவிட்டார்கள். “சர்வேசுரனுக்குத் தோத்திரம் சாமி! இவ்வளவு சீக்கிரம் வந்துட்டீங்களே!” என்று ஒருவர் பாதிரியாரின் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. எங்கள் சபை ஜனங்கள் ‘சாமி’ என்று கூப்பிடமாட்டார்கள், ‘ஐயர்’ என்பார்கள். ‘சர்வேசுரன்’ என்றும் சொல்லமாட்டார்கள். இது வேறு மாதிரி இருக்கிறதே என்று மனசில் ஒரு மூலையில் தோன்றுகிறது. ஆனால் யோசிக்க விட்டால்தானே? ஆளுக்கு ஒரு பக்கமாக எங்களை இழுத்துக்கொண்டு போனார்கள்.

“என்ன சொல்கிறார்கள்?” என்று பாதிரியார் கேட்டார். நமக்காகக் காத்திருந்தார்களாம் என்றேன். அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. “நண்டி, நண்டி” என்று எல்லாரையும் பார்த்துச் சொல்லிக்கொண்டே நடந்தார்.

கோயிலுக்குக் கூட்டிப் போவார்கள் என்று நினைத்தேன். அவர்கள் நேராகத் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குக் கூட்டிப் போனார்கள். போகிற வழியில்தான் விஷயம் துண்டு துண்டாகக் காதில் விழுந்தது. விடியற்காலையில் தேங்காய் மட்டைக் குவியலில் கை வைத்த ஒருவரைப் பாம்பு கடித்துவிட்டது. கருநாகம் என்றார் ஒருவர், பச்சைப் பாம்பு என்றார் இன்னொருவர், பாம்பை யாருமே பார்க்கவில்லை என்றார் மூன்றாமவர். தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரஸர் கையைக் கீறிக் கட்டுப் போட்டுவிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் படகு தேடிப் போயிருக்கிறார். கடிபட்டவரோ ஆஸ்பத்திரி வேண்டாம், சாமியாரைக் கூப்பிடுங்கள், செய்த பாவத்தை அவரிடம் பாவசங்கீர்த்தனமாகச் சொல்லாமல் சாகமாட்டேன் என்று பிடிவாதமாக இருக்கிறார். சாமியாருக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்கள்.

அந்தச் சாமியார் என்று நினைத்துத்தான் எங்களைப் பிடித்திருக்கிறார்கள். இது கத்தோலிக்கர்கள் கோயில், நாங்களோ புராட்டஸ்டண்டு சபை. சம்பான்காரருக்கு எல்லாக் கெரெஜாவும் ஒன்றுதான்.

நான் பாதிரியாரின் அங்கியைப் பிடித்து நிறுத்தி அவசரமாக இங்கிலீஷில் சொன்னேன். அவர் அப்படியே நின்றார். முகத்தில் இருந்த மலர்ச்சி போய்விட்டது. “நான் அவர்களுடைய குரு அல்ல என்று உடனே சொல்” என்றார். சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் லயத்து வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். கடிபட்டவரின் மனைவி. முப்பத்தைந்து வயசு இருக்கும். அழவில்லை. தலைமுடி மட்டும் கலைந்திருந்தது. “சாமி, கண்ணு சொருகுது. உள்ளே வாங்க” என்றாள். அதற்கு மேல் வாசலில் நின்று விளக்கம் சொல்ல எங்கள் இருவருக்குமே மனசு வரவில்லை.

உள்ளே மரப் பலகையில் அவர் கிடந்தார். நாற்பது வயசுக்காரர். வலது கை தோள் வரை வீங்கிப் பளபளவென்று இருந்தது. வேர்வையில் சட்டை ஒட்டியிருந்தது. வெள்ளை அங்கியைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. “எல்லாரையும் வெளியே போகச் சொல்லுங்க சாமி” என்றார். மனைவி ஒரு கணம் அவரையே பார்த்துவிட்டு வெளியே போனாள். கதவு சாத்தப்பட்டது. நானும் நகர்ந்தேன். பாதிரியார் என் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் போய்விட்டால் அவருக்கு என்ன புரியும்?

முதலில் உண்மையைச் சொல்லிவிடு என்றார். சொன்னேன். “அண்ணே, இவரு உங்க சாமியாரு இல்ல. நாங்க வேற சபை. துறை மாறி இறங்கிட்டோம். இவருக்குத் தமிழும் தெரியாது. உங்க சாமிக்கு ஆள் போயிருக்கு, வந்துடுவாரு.”

அவர் கூரையைப் பார்த்தார். “அவரு வர்ற வரைக்கும் நான் இருப்பேனா தம்பி?”

அவர் நெற்றி வேர்வையைத் துடைத்துவிட்டேன்.

“யாரா இருந்தா என்ன. கேக்கிறதுக்கு ஒரு ஆள் வேணும்” என்றார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். ஒவ்வொரு வாக்கியமாக நான் இங்கிலீஷில் சொன்னேன். பாதிரியார் மண்தரையில் முழங்காலிட்டுத் தன் காதை அவர் பக்கம் சாய்த்துக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டார்.

அவரும் இன்னொருவரும் ஒரே கப்பலில் இந்தத் தோட்டத்துக்கு வந்தவர்கள். அந்த நண்பருக்குக் கல்யாணமாகியிருந்தது. ஒரு நாள் இரண்டு பேரும் அக்கரையிலிருந்து சின்ன ஓடத்தில் தேங்காய் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். மழை வெள்ளத்தில் ஓடம் கவிழ்ந்துவிட்டது. இவர் ஒரு கையால் கரையோரத்துக் காட்டுமர வேரைப் பிடித்துக்கொண்டார், இன்னொரு கையால் நண்பரின் மணிக்கட்டை. நண்பருக்கு நீச்சல் தெரியாது.

“ரெண்டு பேரு பாரம். வேரு பிடுங்கிக்கிட்டு வந்துச்சு. கையை விட்டேன்.”

நான் அதை இங்கிலீஷில் சொன்னபோது ‘கை நழுவிவிட்டது’ என்று சொல்லியிருக்கிறேன். வேண்டுமென்று அல்ல. சாகிற மனுஷனைப் பற்றி என் வாயில் அப்படித்தான் வந்தது. அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் எப்படியோ என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார் போல. “தம்பி, நழுவலை. எல்லார்கிட்டயும் நழுவிருச்சுன்னுதான் சொன்னேன். நழுவலை. நான்தான் விட்டேன். அதைச் சரியாச் சொல்லுங்க” என்றார். சரியாகச் சொன்னேன். பாதிரியார் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார், திரும்ப மூடிக்கொண்டார்.

அடுத்ததுதான் என்னை உலுக்கிவிட்டது. செத்துப்போன நண்பரின் மனைவியைத்தான் ஒரு வருஷம் கழித்து இவர் கல்யாணம் செய்துகொண்டார். அவள்தான் வெளியே நிற்கிறவள்.

“பயந்துதான் விட்டேன்னு இத்தனை நாளா எனக்கு நானே சொல்லிக்கிறேன். அவ மேல எனக்கு முன்னாடியே ஆசை இருந்துச்சா, அதனால விட்டேனா... அது எனக்கே தெரியலை தம்பி. சத்தியமாத் தெரியலை. தெரியாத பாவத்துக்கு என்ன பேரு சொல்லி மன்னிப்புக் கேக்கிறதுன்னு இவரைக் கேளுங்க.”

கேட்டேன். வெளியே பெண்கள் செபமாலை சொல்லும் சத்தம் கேட்டது. பாதிரியார் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். “அதற்கு எனக்கும் பேர் தெரியவில்லை. உங்களை மன்னிக்கிற அதிகாரமும் எனக்கு இல்லை. ஆனால் நீங்கள் சொன்னதைக் கேட்டேன். நான் கேட்டேன் என்றால் கடவுளும் கேட்டிருப்பார்.” பிறகு தன் மொழியில் ஜெபித்தார். அதை மொழிபெயர்க்கவேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டார்.

கடிபட்டவர் அழுதார். அப்படியே கண் மூடினார். போய்விட்டார் என்றே நான் நினைத்தேன். கதவைத் திறந்து மனைவியைக் கூப்பிட்டேன்.

அவர் சாகவில்லை. தூங்கியிருக்கிறார்.

மத்தியானத்துக்கு மேல் எழுந்து தண்ணீர் கேட்டார். அப்புறம் கஞ்சி கேட்டார். வேர்வை நின்றுவிட்டது. படகோடு திரும்பி வந்த டிரஸர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “கொல்ற பாம்பா இருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும்லா. இது வீங்க வைக்கிற ஜாதி. பிழைச்சுக்குவாரு” என்றார். யார் அதைக் கேட்டார்கள்? சாமி வந்தார், தொட்டார், எழுந்துவிட்டான், புதுமை, அற்புதம் என்று ஒரே ஆர்ப்பாட்டம். யாரோ ஓடிப்போய்க் கோயில் மணியை அடித்தார்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து பாதிரியாரின் முன்னால் நீட்டினார்கள். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர், “சாமி, நாளைக்குப் பூசை வைப்பீங்கல்ல?” என்று கேட்டார்.

பாதிரியாரின் முகம் பரிதாபமாக இருந்தது. “இப்போது நீ எல்லாரிடமும் சொல்லியே ஆகவேண்டும்” என்றார். ஒரு மரக்கட்டையின் மேல் ஏறி நின்று சொன்னேன். நாங்கள் யார், எங்கே போகவேண்டியவர்கள், எப்படி இங்கே வந்தோம், சேற்றில் விழுந்த கதை, அங்கிக் கதை எல்லாவற்றையும்.

மணிச் சத்தம் நின்றது.

“அப்ப இது பதித சாமியாரா?” என்றாள் ஒரு கிழவி. வழி தவறிப் போனவர்கள் என்ற அர்த்தத்தில் எங்களை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். “பாவசங்கீர்த்தனம் கேட்டாங்களே!” என்றார் இன்னொருவர். “அதுவும் இந்தப் பையனும் கூட உட்கார்ந்து!” என்று ஒரு குரல். கூட்டம் இரண்டு அடி பின்னால் போனது. திரும்பிப் போகலாம் என்றால் சம்பான்காரர் ஆற்றில் தண்ணீர் ஏறினால்தான் படகை எடுக்கலாம் என்று துறையிலேயே படுத்திருக்கிறார். கடைசியில் அந்தக் கோயில் பெரியவர்தான், “முதல்ல சோத்தைப் போடுங்க. வந்தவங்க காலையிலேருந்து பட்டினி” என்றார். தேங்காய்ப்பால் ஊற்றிய மீன் குழம்பு. பாதிரியார் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். ‘நண்டி’ சொல்லக்கூட அவருக்குப் பயம்.

சாப்பிட்டு முடித்ததும் கடிபட்டவர் என்னைக் கூப்பிடுகிறார் என்று ஆள் வந்தது. யாரிடமும் சொல்லாதே என்று கெஞ்சுவார், சத்தியம் கேட்பார் என்று எதிர்பார்த்துப் போனேன். அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

“தம்பி, செத்துருவேன்னு நெனச்சுச் சொன்னேன். இப்ப சாகலை. இனிமே இதை அவகிட்டச் சொல்லணுமா? சாமிகிட்டச் சொன்னாப் போதும்னுதான் இத்தனை வருஷமா நெனச்சேன். உங்ககிட்டச் சொல்லும்போதுதான் தெரிஞ்சுச்சு, கேக்க வேண்டியவ வெளியே நிக்கிறாளேன்னு. சொல்லலாமா?”

இருபத்து மூன்று வயசில், கல்யாணம் ஆகாத கப்பல் ஆபீஸ் கிராணி நான். என்னைப் பார்த்துக் கேட்கிறார். சொன்னால் அந்தக் குடும்பம் அன்றோடு முடிந்துவிடலாம். சொல்லாவிட்டால் இவர் இப்படியே வெந்துகொண்டிருப்பார். “எனக்குத் தெரியலண்ணே” என்றேன். வெளியே வந்து பாதிரியாரிடம் கேட்டேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு ஆற்றைப் பார்த்தார்.

சாயங்காலம் நாலு மணிக்கு அவர்களுடைய சாமியார் உண்மையிலேயே வந்து சேர்ந்தார். பிரெஞ்சுக்காரர். இதே போலத் தாடி, இதே போல வெள்ளை அங்கி. ஜனங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவர் தமிழ் பேசினால் ஊர்க்காரர் பேசுவது போலவே இருந்தது. நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, அந்தச் சேற்றுக் கால்சட்டைக் கதையில் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சிரிப்பு இல்லை. “சட்டப்படி அது பாவசங்கீர்த்தனம் ஆகாது. ஆனா நீ வாயைத் திறந்தா அது உன் பாவம். புரியுதா?” என்றார். புரிகிறது சாமி என்றேன். அவர் கடிபட்டவரின் வீட்டுக்குள் போனார், கதவைச் சாத்திக்கொண்டார்.

தண்ணீர் ஏறிவிட்டது. சம்பான்காரர் கூப்பிட்டார். துறைக்குப் போனால் அங்கே அந்த அக்கா நாலு இளநீரோடு நிற்கிறாள். கடிபட்டவரின் மனைவி. பாதிரியாரிடம் இரண்டைக் கொடுத்துக் கும்பிட்டாள். அவர் முன்னால் போய்ச் சம்பானில் ஜாக்கிரதையாக ஏறினார். என்னிடம் மற்ற இரண்டையும் கொடுத்தபோது, குரலைத் தாழ்த்தி, “ஆத்துல நடந்ததைச் சொன்னாரா தம்பி?” என்றாள்.

ஆம் என்றும் சொல்லக்கூடாது, இல்லை என்று பொய்யும் சொல்ல வரவில்லை. இளநீரைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன்.

“சொல்ல வேணாம். நான் அன்னைக்குக் கரையிலதான் நின்னேன். அவங்களைத் தேடிக்கிட்டு வந்தேன். அவருக்குத் தெரியாது. கையை விட்டதைப் பார்த்தேன்.”

நான் அவளையே பார்த்தேன். அவள் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“விட்டதுதான் அவருக்கு ஞாபகம் இருக்கு. எவ்வளவு நேரம் பிடிச்சிருந்தாருன்னு நான் பார்த்தேன். உள்ளங்கை தோலெல்லாம் உரிஞ்சு போச்சு. கூப்பிட்டாக் கேக்கிற தூரத்துல யாரும் இல்லை. நானும் கத்திக் கத்திப் பார்த்தேன், தண்ணி இரைச்சல்ல அவருக்குக்கூடக் கேக்கலை.”

“அப்ப அவர்கிட்ட இதைச் சொல்லலாமேக்கா” என்று எப்படியோ கேட்டுவிட்டேன்.

“நான் பார்த்தேன்னு தெரிஞ்சா என் முகத்தைப் பார்ப்பாரா? அவரா ஒரு நாள் சொல்லட்டும். அன்னைக்கு நானும் சொல்லிக்கிறேன். நீங்க சொல்லிடாதீங்க தம்பி.” முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஒதுங்கி நின்றாள்.

சம்பானில் ஒரு காலை வைத்துவிட்டேன். அப்புறம் என்ன ஆனதோ, இளநீரைப் பலகையில் வைத்துவிட்டுத் திரும்பி ஓடினேன். லயத்துக் கதவைத் தட்டினேன். பிரெஞ்சுச் சாமியார் கோபத்தோடு திறந்தார். அவருடைய தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, “அண்ணே, கேட்டீங்களே, சொல்லலாமான்னு. சொல்லுங்க. பயப்படாமச் சொல்லுங்க” என்றேன். பலகையில் கிடந்தவர் வாயைத் திறந்தபடி பார்த்தார். சாமியார் என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தார். திரும்ப ஓடி வந்து சம்பானில் விழுந்தேன். அவள் கரையிலேயே நின்றாள். நான் எங்கே ஓடினேன் என்று அவளுக்குத் தெரிந்ததோ என்னவோ.

பாதி வழியில் பாதிரியார், “அந்தப் பெண் என்ன சொன்னாள்?” என்று கேட்டார். “அது எனக்கு மட்டும் சொன்னது ஐயா” என்றேன். தலையை அசைத்தார். அதற்குப் பிறகு அந்த நாளைப் பற்றி அவர் பேசவே இல்லை. நாங்கள் போகவேண்டிய சபை ஒரு வளைவு தள்ளி எதிர்க்கரையில் இருந்தது. அங்கே காலையிலிருந்து ஜனங்கள் காத்திருந்துவிட்டுக் கலைந்து போயிருந்தார்கள். மறுநாள் போய்ப் பார்த்தோம். என்ன பிரசங்கம், நான் என்ன மொழிபெயர்த்தேன் என்று ஒன்றும் நினைவில்லை.

பினாங்குக்குத் திரும்பியும் எனக்கு நிம்மதியில்லை. ஆபீசில் கப்பல் சரக்குக் கணக்கு எழுதும்போதெல்லாம் அதே யோசனை. நான் சொன்னது சரியா? அவள் ஒருவேளை அப்போதைக்கு ஆறுதலுக்காக அப்படிச் சொல்லியிருந்தால்? அவர் வாய்விட்டுச் சொல்லும்போது அது வேறு மாதிரி ஆகிவிட்டால்? இரண்டு பேர் வாழ்க்கையில் போய்க் கதவைத் தட்டிவிட்டு வந்துவிட்டேனே என்று இருந்தது.

மூன்று நாலு வருஷம் கழித்து ஒரு நாள் காலையில் பிறை ரயில் துறையில் அவரைப் பார்த்தேன். அவர்தான் என்னை அடையாளம் கண்டு, “தம்பி!” என்று ஓடி வந்தார். வலது கையில் இரண்டு விரல் மட்டும் சரியாக மடங்கவில்லை. மற்றபடி நல்ல ஆளாக இருந்தார். கொஞ்ச தூரத்தில் அந்த அக்கா ஒரு சீனனிடம் ஆரஞ்சு பேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

அவர் குரலைத் தாழ்த்தி, “நீங்க சொன்ன மாதிரியே சொல்லிட்டேன் தம்பி. ரெண்டாம் வாரமே சொல்லிட்டேன்” என்றார்.

“அக்கா என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லலை. கடைசி வரைக்கும் கேட்டா. ‘அப்படியா’ன்னா. எந்திரிச்சுப் போயிச் சோத்தை வடிச்சா. அன்னைக்கு என் தட்டுல கருவாடு ரெண்டு துண்டு கூட வச்சா. அவ்வளவுதான். அன்னையிலேருந்து எனக்கு நல்லாத் தூக்கம் வருது தம்பி.”

அதாவது அவள் சொல்லவில்லை. தான் கரையில் நின்றதை, பார்த்ததை, அவர் எவ்வளவு நேரம் பிடித்திருந்தார் என்பதை, எதையுமே சொல்லவில்லை. அன்றைக்கு நானும் சொல்லிக்கொள்கிறேன் என்றவள் ஏன் சொல்லவில்லை? அதற்குள் அவளே ஆரஞ்சோடு வந்துவிட்டாள். “தம்பி நல்லா இருக்கீங்களா? கல்யாணம் ஆச்சா?” என்று சாதாரணமாகக் கேட்டாள். ஓர் ஆரஞ்சை என் கையில் வைத்தாள். அவர் முகத்தைப் பார்த்தேன், அவள் முகத்தைப் பார்த்தேன். கணவனும் மனைவியும் பெர்ரிக்கு நேரமாகிறது என்று கிளம்பினார்கள். அவள் அவருடைய அந்த மடங்காத கையைப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கினாள்.

அப்புறம் யுத்தம் வந்தது. அந்தத் தோட்டமே கலைந்துபோய்விட்டது என்று கேள்விப்பட்டேன். இருவரும் என்ன ஆனார்களோ தெரியாது. தோட்டத்தின் பெயரும் ஆள் பெயரும் இல்லாமல் சொன்னால் அந்தப் பிரெஞ்சுச் சாமியார் சொன்ன பாவம் என்மேல் வராது என்ற தைரியத்தில்தான் இவ்வளவு காலம் கழித்து இதை எழுதுகிறேன். அவள் ஏன் சொல்லவில்லை என்று எனக்குக் கல்யாணமான புதிதில் பயம்தான் காரணம் என்று தோன்றியது, பிள்ளைகள் வளர்ந்தபிறகு அவருக்கு வந்த தூக்கத்தைக் கெடுக்க அவளுக்கு மனசில்லை என்று தோன்றியது, இப்போது இரண்டும் சரியில்லை என்று படுகிறது. ஆனால் அன்றிலிருந்து யாராவது என்னிடம் வந்து தான் செய்த தப்பைச் சொன்னால், நான் சட்டென்று தீர்ப்புச் சொல்வதில்லை. இதையே இன்னொருவர் வேறு இடத்தில் நின்று பார்த்திருப்பார், அவருக்குத் தெரிந்தது இவருக்கே தெரியாமல் இருக்கலாம் என்ற நினைப்புத்தான் முதலில் வருகிறது.